பாட்டியின் சுருக்குப்பையில் வலி மாத்திரை... குழந்தை விழுங்கிவிட்டால் காப்பாற்றும் முறிவு மருந்து!

அளவுக்கு மீறிய வலி நிவாரணியால் மூச்சு அடங்கும் குழந்தையைச் சில நிமிடங்களில் மீட்க ஒரு மருந்து இருக்கிறது. ஆனால், அது வேலை செய்ய வீட்டில் இருப்பவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில், காவலூர் வானாய்வகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது ஆலங்காயம். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கும் தோல் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்துக்குக் கைத்தையல் போட்டு, ஜோடிக் கணக்கில் கூலி வாங்குபவர்களும் உண்டு. அம்மா வேலைக்குக் கிளம்பிவிட்டால் குழந்தைக்குப் பாட்டிதான் எல்லாம்.

அந்தப் பாட்டிக்கு மூட்டு வலி இருக்கும். தாத்தாவுக்கு முதுகு வலி. நாளெல்லாம் குனிந்து தைக்கும் அம்மாவுக்குக் கழுத்து வலி. ஆகவே, வீட்டில் எங்கோ ஓரிடத்தில் வலி மாத்திரை இருக்கும். சுருக்குப்பையில், தலையணைக்கு அடியில், டி.வி ஸ்டாண்டில், சாமி படத்துக்குப் பின்னால்! தவழும் குழந்தையும், நடை பழகும் குழந்தையும் கையில் கிடைப்பதை வாயில் போடும். அது வெறும் பாராசிட்டமால் என்றால் ஒரு கதை. ‘ஓபியாய்டு’ வகை வலி நிவாரணி என்றால் வேறு கதை.

இந்த ஆபத்து ஆலங்காயத்துக்கு மட்டும் உரியதல்ல. பெரியவர்களின் மாத்திரையும் சின்னக் குழந்தையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் எல்லா வீடுகளுக்கும் உரியது. ஆனால், பெரிய மருத்துவமனைக்கு வேலூர் வரை ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்ய வேண்டிய ஊர்களில், முதல் சில நிமிடங்களில் வீட்டார் என்ன செய்கிறார்கள் என்பது இன்னும் முக்கியமாகிறது.

எந்தெந்த மருந்துகள்?

ஓபியம் என்ற அபினிலிருந்தோ, அதைப் போலவே வேலை செய்யும்படி ஆய்வுக்கூடத்திலோ தயாரிக்கப்படுபவை ஓபியாய்டு மருந்துகள். ‘அபினா? எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது’ என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். இந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

* டிரமடால்: மூட்டு வலி, முதுகு வலி, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கு எழுதித் தரப்படுவது. பாராசிட்டமாலுடன் சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் வருகிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு இதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது.
* டாபென்டடால்: கடுமையான வலிக்கான மாத்திரை. தமிழ்நாட்டில் ‘போதைக்காக வலி நிவாரணி மாத்திரை விற்றவர்கள் கைது’ என்று வரும் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் இதுதான்.
* கோடீன்: சில இருமல் சிரப்களில் இருப்பது.
* மார்ஃபின், ஃபென்டனில்: புற்றுநோயாளிகளின் வலிக்குக் கொடுக்கப்படுபவை. ஃபென்டனில், தோலில் ஒட்டும் பட்டையாகவும் வரும்.
* பியூப்ரநார்ஃபின்: போதை மறுவாழ்வு சிகிச்சையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை.
* டைஃபீனாக்ஸிலேட், லோபரமைடு: பேதியை நிறுத்தும் மாத்திரைகள். இவையும் ஓபியாய்டு குடும்பம்தான் என்பது பலருக்கும் ஆச்சர்யமாக இருக்கும்.

கடைசியில் இருக்கும் பேதி மாத்திரைகளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். டைஃபீனாக்ஸிலேட்டைப் பொறுத்தவரை, சில மாத்திரைகளே சிறு குழந்தையின் மூச்சைப் பாதிக்கலாம். அதோடு சேர்ந்து வரும் அட்ரோபின் குடலின் வேகத்தைக் குறைப்பதால், பாதிப்பு பல மணி நேரம் கழித்தும் தெரியலாம். லோபரமைடுக்கும் ஒரு சோகக் கதை உண்டு. பாகிஸ்தானின் முல்தான் நகரத்தில் பேதிக்காக லோபரமைடு சொட்டு மருந்து கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்குக் குடல் இயக்கமே நின்றுபோய், சில குழந்தைகள் இறந்தன. 1990-ல் அது உலகம் முழுக்கப் பேசப்பட்டு, குழந்தைகளுக்கான அந்தச் சொட்டு மருந்தை நிறுவனம் திரும்பப் பெற்றது. குழந்தைக்குப் பேதி என்றால் உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மருந்தும்தான் முதல் வைத்தியம். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது வைத்தியம் இல்லை.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

மூச்சு விட வேண்டும் என்று நாம் யாரும் நினைத்து நினைத்து மூச்சு விடுவதில்லை. ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது, மூளையின் அடித்தண்டில் இருக்கும் சுவாச மையம் தானாகவே ‘மூச்சை இழு’ என்று உத்தரவு போடும். ஓபியாய்டு மருந்து அந்த மையத்தை மந்தமாக்கிவிடும். கரியமில வாயு ஏறிக்கொண்டே போனாலும் உத்தரவு வராது. குழந்தை திணறாது, துடிக்காது. தூங்குவதுபோலவே இருக்கும்.

இதுதான் இதில் இருக்கும் பெரிய சிக்கல். ‘நல்லா தூங்குறான், எழுப்பாதே’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நேரம் கடந்துவிடும்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு வலியைக் குறைக்கும் அளவு, 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஆறு மடங்கு. அதற்கு மேல், எல்லோருடைய கல்லீரலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கோடீனையும் டிரமடாலையும் சிலருடைய உடல் மிக வேகமாக வீரியமான பொருளாக மாற்றிவிடும். யாருடைய குழந்தை அப்படி என்பது முன்கூட்டியே தெரியாது. இதனால்தான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு கோடீனைக் கொடுக்கவே கூடாது என்றது. வலிக்காக டிரமடால் கொடுப்பதற்கும் அதே தடைதான்.

இந்த மூன்று அறிகுறிகள்...

1. எழுப்பினால் எழாத தூக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், உள்ளங்காலைத் தட்டினாலும் சரியாகக் கண் திறக்காது. உடல் துவண்டிருக்கும்.
2. மெதுவான மூச்சு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 40 முறை மூச்சு விடும். அது 10, 12 என்று இறங்கினாலோ, விட்டுவிட்டு வந்தாலோ, குறட்டைபோலச் சத்தம் வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஆபத்து.
3. ஊசிமுனைபோலச் சுருங்கிய கண்மணி. மங்கலான வெளிச்சத்தில்கூட விரியாது.

மூன்றும் சேர்ந்தே வர வேண்டும் என்பதில்லை. டிரமடாலில் வலிப்பு வரலாம். அட்ரோபின் கலந்த பேதி மாத்திரையில் கண்மணி சுருங்காமலும் போகலாம். வேறு எதுவும் தெரியாவிட்டாலும், மாத்திரை குறைகிறது, குழந்தை மந்தமாக இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

நலோக்சோன்... அது எப்படி வேலை செய்கிறது?

ஓபியாய்டுக்கான முறிவு மருந்தின் பெயர் நலோக்சோன். ஜாக் ஃபிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்டைன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1961-ல் இதற்குக் காப்புரிமை கோரினார்கள். 1971-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும், இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் முறிவு மருந்துகள் வரிசையில் இது இருக்கிறது.

மூளையில் ஓபியாய்டு போய் உட்காரும் இடங்களை நாற்காலிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நலோக்சோன் அதே நாற்காலியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். உட்கார்ந்திருக்கும் ஓபியாய்டைத் தள்ளிவிட்டு, தான் உட்கார்ந்துகொள்ளும். ஆனால், உட்கார்ந்தபின் வேறெதுவும் செய்யாது. மந்தமாகிக் கிடந்த சுவாச மையம் மறுபடி உத்தரவு போட ஆரம்பிக்கும். ரத்தக்குழாயில் செலுத்தினால் ஓரிரு நிமிடங்களிலும், தசையில் போட்டால் இன்னும் சில நிமிடங்களிலும் பலன் தெரியும்.

இதில் ஒரு வசதி உண்டு. குழந்தை விழுங்கியது ஓபியாய்டு இல்லை என்றால் நலோக்சோனால் பெரிய கெடுதல் எதுவும் வராது. ஆகவே, சந்தேகம் இருந்தாலே மருத்துவர்கள் தயங்காமல் போடலாம். தூக்க மாத்திரைக்கோ, மற்ற விஷத்துக்கோ இது முறிவு ஆகாது என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

அளவில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. குழந்தை என்பதால் துளி மருந்து போதும் என்று தோன்றும். ஆனால், மூச்சு அடங்கிய நிலையில் வரும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கி என்பது மருத்துவ வழிகாட்டுதல்களில் இருக்கும் அளவு. 10 கிலோ குழந்தைக்கு 1 மி.கி. ஓர் ஆம்பூலில் 0.4 மி.கி என்றால், முதல் தவணைக்கே இரண்டரை ஆம்பூல். பலன் தெரியவில்லை என்றால் 2, 3 நிமிடங்களில் திரும்பவும் போட வேண்டியிருக்கும். பியூப்ரநார்ஃபின் போன்றவற்றில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம். ஆக, ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் ஆம்பூல் மட்டும் இருந்தால் ஒரு குழந்தைக்கே அது போதாது. பட்டியலில் பெயர் இருப்பது வேறு, அலமாரியில் கைக்கு எட்டும் தூரத்தில் போதிய அளவு இருப்பது வேறு. உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து இருக்கிறதா என்று கேட்கும் ஊர்க்காரர்கள், இதையும் சேர்த்துக் கேட்டுவைக்கலாம்.

கண் திறந்துவிட்டதே, வீட்டுக்குப் போகலாமா?

கூடவே கூடாது. நலோக்சோனின் பலம் பெரும்பாலும் 30 முதல் 90 நிமிடங்கள்தான். விழுங்கிய மாத்திரையின் வேகம் அதைவிட அதிக நேரம் நீடிக்கும். முறிவு மருந்து தீர்ந்ததும், உடலில் மிச்சமிருக்கும் ஓபியாய்டு மறுபடி அதே நாற்காலியில் போய் உட்காரும். குழந்தை மறுபடி மயங்கும், மூச்சு மறுபடி குறையும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளிலும், டைஃபீனாக்ஸிலேட்டிலும் இந்த ஆபத்து அதிகம். இதனால்தான் மருத்துவமனையில் 24 மணி நேரம் வரை கண்காணிப்பில் வைக்கச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் நலோக்சோனை டிரிப்ஸ் மூலம் தொடர்ந்து ஏற்றுவார்கள்.

‘குழந்தை அழுது விளையாடுது, நாளைக்கு ஷிஃப்ட்டுக்குப் போகணும்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப்போவது, பிழைத்த உயிரை மறுபடி ஆபத்தில் விடுவது. ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.

டெல்லியில் நடந்தது

2021-ல் டெல்லியின் கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனைக்கு, சில மாத இடைவெளியில் 16 குழந்தைகள் ஒரே மாதிரியான விஷ பாதிப்போடு வந்தார்கள். காரணம், இருமலுக்குக் கொடுக்கப்பட்ட டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் சிரப். மூன்று குழந்தைகள் இறந்துபோனார்கள். மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி அரசுக்குக் கடிதம் எழுதி, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்த மருந்தை எழுதக் கூடாது என்று எச்சரித்தது.

டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் ஓபியாய்டின் ஒன்றுவிட்ட சொந்தம்போல. வேதி அமைப்பில் நெருக்கம் உண்டு, வலியைக் குறைக்காது. அளவு மீறினால் குழந்தை மந்தமாகி மூச்சு குறையும். இதற்கும் நலோக்சோன் முயன்று பார்க்கப்படுகிறது. ஆனால், எல்லா நேரமும் பலன் கிடைப்பதில்லை. மூச்சுக்கு உதவி கொடுப்பதே முக்கிய சிகிச்சை.

இருமல் சிரப் என்றதும் பலருக்கும் ‘கோல்ட்ரிஃப்’ நினைவுக்கு வரும். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான அந்த சிரப்பைக் குடித்து, 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அது வேறு விஷம். அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைப்பது. அதற்கு நலோக்சோன் முறிவு கிடையாது. அந்தச் சம்பவத்தை ஒட்டி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய அரசு 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது.

‘கொஞ்சம் கொடுத்தா தூங்கிடும்!’

தற்செயலாக விழுங்குவது ஒருபக்கம். தூங்க வைப்பதற்காகக் கொடுப்பது இன்னொரு பக்கம். நூறு ஆண்டுகளுக்கு முன் பம்பாயின் பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மார்கள், ‘பால கோலி’ என்ற அபின் உருண்டையைக் கைக்குழந்தைக்குக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு வேலைக்குப் போனது அந்தக் கால விசாரணை அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. அவர்களுக்குப் பாசம் குறைவு இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை, லீவும் இல்லை.

இன்று நம் வீடுகளில் அபின் உருண்டை இல்லாமல் இருக்கலாம். ஆனால், ‘இந்த சிரப் கொடுத்தா நல்லா தூங்குறான்’ என்று சளி இல்லாத நாளிலும் ஒரு மூடி ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடித்துக் களைத்து வருபவர்களுக்கு அது உதவியாகத்தான் தெரியும். தூக்கத்துக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு மூடியும் மூச்சையும் சேர்த்துத்தான் தூங்க வைக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பிரச்னை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். 2005 முதல் 2018 வரை, 40 மாநிலங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 731 குழந்தைகளின் விஷ மரணங்களை ஆய்வு செய்ததில், ஏறக்குறைய பாதிக்குக் காரணம் ஓபியாய்டு. 2023 செப்டம்பரில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஃபென்டனில் பாதிப்புக்கு ஆளான நான்கு குழந்தைகளுக்கும் நலோக்சோன் கொடுக்கப்பட்டது. மூவர் பிழைத்தார்கள். ஒரு வயதுக் குழந்தை இறந்துபோனது. முறிவு மருந்து இருந்தும், அது போய்ச் சேரும் நேரம்தான் முடிவு செய்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் அங்கே மூக்கில் அடிக்கும் நலோக்சோன் ஸ்பிரேயை மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்க அனுமதி கொடுத்திருந்தார்கள்.

குழந்தை விழுங்கிவிட்டால்...

* உடனே 108-க்கு அழையுங்கள். விழுங்கியது உறுதியாகத் தெரியாவிட்டாலும் சரி.
* வாயில் மிச்சம் இருந்தால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுங்கள். விரலை விட்டுத் துழாவ வேண்டாம்.
* உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் கொடுக்க வேண்டாம். மந்தமாக இருக்கும் குழந்தை வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பாலும் வேண்டாம்.
* மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வண்டியில் போகும்போதும் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கழுத்து மடங்காமல் இருக்கட்டும்.
* மூச்சு நின்றுவிட்டால், தலையை லேசாக நிமிர்த்தி, வாயோடு வாய் வைத்து 2, 3 விநாடிக்கு ஒரு மூச்சு கொடுங்கள். கைக்குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூட வேண்டும். மார்பு மேலெழும் அளவுக்கு மென்மையாக ஊதினால் போதும். அசைவே இல்லை என்றால் மார்பை அழுத்தும் முதலுதவியும் தேவை. 108-ல் பேசுபவர் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள். இந்த விஷத்தில் முதலில் நிற்பது மூச்சுதான். முறிவு மருந்து கிடைக்கும் வரை குழந்தையைத் தாங்குவது இந்தக் காற்றுதான்.
* தோலில் ஒட்டும் வலிப் பட்டை ஒட்டியிருந்தால் உரித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவுங்கள்.
* பெரிய மருத்துவமனைக்குத்தான் போவோம் என்று அருகில் இருக்கும் அரசு மருத்துவமனையைத் தாண்டிப் போக வேண்டாம். ஆக்சிஜனும் மூச்சுக்கு உதவியும் முதலில் கிடைக்கும் இடத்துக்குப் போங்கள். அங்கிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.
* டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். சிகிச்சை தரும் மருத்துவரும் இங்கே ஆலோசனை கேட்கலாம்.

அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்

மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, ‘என்ன மாத்திரை, எத்தனை, எப்போ?’ என்பதுதான். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. மெடிக்கலில் ‘நாலு மாத்திரை வெட்டிக் கொடுங்க’ என்று வாங்குவோம். பெயர் அச்சடித்த பகுதி கடையிலேயே தங்கிவிடும். வீட்டுக்கு வருவது பெயரில்லாத துண்டு. பாட்டிக்குத் தெரிந்தது ‘வெள்ளை மாத்திரை’ மட்டும்தான்.

மாத்திரை பாராசிட்டமாலும் டிரமடாலும் சேர்ந்தது என்றால், மருத்துவர் இரண்டு விஷங்களுக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். நலோக்சோன் மூச்சை மீட்கும். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்காமல் இருக்க அசிட்டைல்சிஸ்டீன் என்ற வேறு முறிவு மருந்து தேவைப்படலாம். பெயர் தெரியாவிட்டால் இரண்டாவது ஆபத்து கவனத்துக்கே வராமல் போகலாம்.

எனவே, மாத்திரை வாங்கும்போதே பெயர் இருக்கும் பக்கமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கவரில் பெயரை எழுதி வாங்குங்கள். மருந்துச் சீட்டைத் தூக்கி எறியாமல், செல்போனில் போட்டோ எடுத்துவையுங்கள். ஆபத்து நேரத்தில் அட்டை, பாட்டில், கீழே சிதறிய மாத்திரை, வாந்தி எடுத்திருந்தால் அதில் இருந்த துண்டு என எது கிடைத்தாலும் ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

* வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் போட்டு, மூடி, குழந்தை ஏறினாலும் எட்டாத உயரத்தில் வையுங்கள். முடிந்தால் பூட்டுங்கள்.
* சுருக்குப்பையிலும் முந்தானை முடிச்சிலும் மாத்திரை வைப்பதைப் பாட்டியிடம் பேசி நிறுத்துங்கள். அந்த நேரத்து மாத்திரையை அந்த நேரத்தில் எடுத்துக் கொடுத்தால் போதும்.
* ‘மிட்டாய்’ என்று சொல்லி எந்த மருந்தையும் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.
* குழந்தையின் முன்னால் மாத்திரை போடுவதைத் தவிருங்கள். பார்ப்பதை அப்படியே செய்து பார்க்கும் வயது அது.
* வீட்டில் புற்றுநோயாளி இருந்தால், பயன்படுத்திய வலிப் பட்டையைக் குப்பையில் அப்படியே போட வேண்டாம். கழற்றிய பிறகும் அதில் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உட்புறமாக வரும்படி இரண்டாக மடித்து, எப்படி அப்புறப்படுத்துவது என்று சிகிச்சை தரும் மருத்துவமனையில் கேளுங்கள். 2012-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இப்படிப்பட்ட பட்டையால் 15 ஆண்டுகளில் 26 குழந்தைகள் பாதிக்கப்பட்டதையும் அதில் 10 பேர் இறந்ததையும் சுட்டிக்காட்டியது.
* வலி மருந்து எடுத்துக்கொள்வதை யாரும் பயந்து நிறுத்திவிட வேண்டாம். புற்றுநோயாளிக்கு மார்ஃபின் நிம்மதி தரும் மருந்து. பத்திரமாக வைப்பதுதான் விஷயம்.

வீட்டில் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்பவர் யாரோ, அவருக்கு இந்த மூன்றைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்: எழுப்பினால் எழவில்லை என்றால் 108, மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு, மாத்திரை அட்டை கையோடு. பாட்டிக்கு வாட்ஸ்அப் பார்க்கத் தெரியாவிட்டால், இன்று சாப்பிட உட்காரும்போது வாயால் சொல்லிவிடுங்கள்.